சண்டை நின்ற பிறகுதான் வீட்டு ஞாபகம் அதிகமாகிவிட்டது

கேள்வி:

வணக்கம் மேடம்.

நான் ராணுவத்தில் ஆர்ட்டிலரியில், அதாவது பீரங்கிப் படையில், நாயக். சொந்த ஊர் வேலூர் மாவட்டம். எங்கள் பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் ஊரிலும் தெருவுக்கு நாலு வீடு பட்டாளத்து வீடுதான். என் அப்பாவும் பட்டாளத்துக்காரர். இப்போது நான் ஜம்மு காஷ்மீரில் எல்லைக்கோட்டுப் பக்கம் இருக்கிறேன். இடத்தை அதற்கு மேல் சொல்ல முடியாது.

2025 ஏப்ரலில் லீவில் வந்திருந்தேன். மகளுக்கு ஆறு வயது. வைகாசியில் குலதெய்வம் கோயிலில் அவளுக்குக் காது குத்து வைத்திருந்தோம். பத்திரிகை கொடுத்து, சமையல்காரருக்கு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. ஏப்ரல் 22-ஆம் தேதி பஹல்காமில் சுட்டார்கள் என்று செய்தி வந்ததுமே என் மனசுக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நாளில் யூனிட்டிலிருந்து போன் வந்தது. "காது குத்துக்கு வந்துடுவியாப்பா?" என்று மகள் கேட்டாள். "வந்துடுவேன்டா" என்று சொல்லிவிட்டுத்தான் காட்பாடியில் ரயில் ஏறினேன்.

மே 7-ஆம் தேதி அதிகாலையில் சண்டை தொடங்கியது. ராத்திரி முழுக்க இருட்டு, தலைக்கு மேல் ட்ரோன் சத்தம், எதிர்ப்பக்கத்திலிருந்து குண்டு, எங்கள் பக்கத்திலிருந்து பதில். எப்போது சாப்பிட்டேன், எங்கே தூங்கினேன் என்று ஞாபகமே இல்லை. அந்த நாலு நாளும் எனக்கு வீட்டு நினைப்பே வரவில்லை மேடம். மகள் முகம்கூட வரவில்லை. 10-ஆம் தேதி சாயங்காலம் சண்டை நிறுத்தம் என்றார்கள். வீட்டில் சாமிக்குத் தேங்காய் உடைத்தார்கள். டிவியைப் பொறுத்தவரை எல்லாம் முடிந்துவிட்டது. நாங்கள் மட்டும் அதே இடத்தில் அப்படியே இருக்கிறோம். என் பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

எங்கள் நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். விடிவதற்கு முன்பே ஸ்டாண்ட்-டு, எல்லோரும் ஆயுதத்தோடு அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். நன்றாக வெளிச்சம் வந்த பிறகு டீ. என்ன நிலைமையிலும் ஷேவிங் செய்தாக வேண்டும். அப்புறம் பீரங்கியைத் துடைத்து எண்ணெய் போடுவது, குண்டுகள் நனையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, மோர்ச்சாவில், அதாவது பதுங்குகுழியில், சரிந்த மண்மூட்டைகளை மறுபடி அடுக்குவது. இப்போது மழைக்காலம் என்பதால் மூட்டை தினமும் சரியும். லங்கரில், எங்கள் சமையல்கூடத்தில், ரொட்டி, தால், உருளைக்கிழங்கு. சோறும் உண்டு, ஆனால் நம் ருசி இல்லை. சாயங்காலம் திரும்பவும் ஸ்டாண்ட்-டு. ராத்திரி இரண்டு இரண்டு மணி நேரமாக சென்ட்ரி டூட்டி. என் போஸ்டில் தமிழ் பேசுகிற ஆள் நான் ஒருவன்தான். மற்றவர்கள் பஞ்சாப், பீகார், ஒரு பையன் ஒடிசா. நல்ல பையன்கள். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். மனைவி அனுப்பிய பொடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பார் வைத்தேன், பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டார்கள். போஸ்டில் ஒரு நாய் இருக்கிறது. நான் சென்ட்ரி நிற்கும்போது என் பூட்ஸ் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். அதனிடம் தமிழில்தான் பேசுவேன்.

அந்த சென்ட்ரி நேரத்தில்தான் வீடு வந்துவிடுகிறது. அம்மா களி கிண்டும்போது துடுப்பு பானையில் உரசுகிற சத்தம், களி உருண்டையிலிருந்து வரும் ஆவி, முள்ளுக் கத்திரிக்காய்க் காரக்குழம்பு, மகள் என் மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்குவது. மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது.

ஆனால் டவர் கிடைக்கும் இடத்துக்குப் போய், அனுமதி இருக்கும் நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டால் பேச்சு வருவதில்லை. "சாப்டீங்களா?" "ம்." "எப்படி இருக்கீங்க?" "நல்லா இருக்கேன்." அப்புறம் இரண்டு பேரும் சும்மா இருப்போம். "டவர் இல்ல, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவேன். டவர் நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் மனைவி, "எங்ககிட்ட பேசவே உங்களுக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டுவிட்டாள். பொழுதன்னைக்கும் அவளையே நினைத்துக்கொண்டிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா அது? மகள் போனுக்கே வருவதில்லை. "அப்பா பொய் சொல்லிட்டாரு" என்கிறாளாம்.

பாராளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு 2001 டிசம்பரில் படைகளை எல்லைக்கு அனுப்பினார்களே, ஆபரேஷன் பராக்ரம், அதில் என் அப்பா ராஜஸ்தான் எல்லையில் இருந்தார். நான் அப்போது சின்னப் பையன். பொங்கலுக்கு வருவதாக இன்லேண்ட் லெட்டரில் எழுதியிருந்தார். 2002 அக்டோபரில்தான் படைகளைத் திரும்பப் பெற முடிவெடுத்தார்கள். அவர் வீட்டுக்கு வந்தபோது நான் கிட்டவே போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. இன்று வரைக்கும் எங்களுக்குள் பேச்சு குறைவுதான். என் வீட்டிலும் அதே நடக்கப்போகிறதோ என்று பயமாக இருக்கிறது.

இதற்கு நடுவில் பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை எங்கள் பக்கம் தள்ளிப் போட்டுவிட்டார். மனைவி தனியாக வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நடந்துகொண்டிருக்கிறாள். எனக்குத் தூக்கமும் சரியில்லை. ஒரு டின் கீழே விழுந்தால்கூட உடம்பு தூக்கிப் போடுகிறது. கண்ணை மூடினால் குண்டு விழுகிற கனவு. கொஞ்சம் ரம் குடித்தால் தூக்கம் வருகிறது. டாக்டரிடம் போனால் மெடிக்கல் கேட்டகரியை இறக்கிவிடுவார்கள், ஹவில்தார் ப்ரமோஷன் போய்விடும் என்று போகவில்லை.

காது குத்தை ஆவணியில் வைத்துவிடலாமா என்று வீட்டில் கேட்கிறார்கள். லீவு எப்போது கிடைக்கும் என்று தெரியாது. நான் இல்லாமல் செய்யுங்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. காத்திருங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. சிப்பாய்க்கு இப்படி வீட்டு ஏக்கம் வருவது கோழைத்தனமா மேடம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்


பதில்:

அன்புள்ள தம்பி,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கோழைத்தனம் இல்லை. குண்டு விழுந்த நாட்களில் உங்கள் பீரங்கியை விட்டு நகராமல் வேலையைச் செய்திருக்கிறீர்கள். அந்த மனுஷனும் களி வாசனைக்கு ஏங்குகிற மனுஷனும் ஒருவர்தான்.

வீட்டு ஏக்கத்தை டாக்டர்கள் ஒரு காலத்தில் நோய் என்றே நினைத்தார்கள். 1688-இல் பாசல் பல்கலைக்கழகத்தில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் அதை ஒரு நோயாக விவரித்து ஆய்வேடு எழுதினார். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவ டாக்டர்கள் ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு இதையே நோயாகப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். இன்று மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. நம் ஆட்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இதைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார்கள். பாசறையில் தூக்கமில்லாமல் மனைவியை நினைத்துக்கொண்டிருப்பவனும், போர் முடிந்ததும் தேர்ப்பாகனிடம் சீக்கிரம் ஓட்டு, சீக்கிரம் ஓட்டு என்று அவசரப்படுத்துபவனும் முல்லைத் திணைப் பாட்டுகளில் எத்தனையோ பேர். அவர்களெல்லாம் வீரர்கள்தான். ஏங்கியதற்காக எந்தப் புலவரும் அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை.

சண்டை நடந்தபோது வராத நினைப்பு இப்போது ஏன் வருகிறது என்று குழம்பியிருக்கிறீர்கள். மகள் முகம்கூட வரவில்லை என்று எழுதிய இடத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் தெரிந்தது. உயிருக்கு ஆபத்து இருக்கும்போது மூளை எதிரில் இருப்பதை மட்டும்தான் பார்க்கும், மற்றதையெல்லாம் ஓரம் கட்டிவிடும். அது உங்களையும் உங்கள் பக்கத்தில் இருந்த பையன்களையும் காப்பாற்றிய விஷயம். பாசம் குறைந்ததற்கு அடையாளம் இல்லை. ஆபத்து தணிந்ததும் ஓரம் கட்டியதெல்லாம் திரும்பி வரும். அதுவும் ராத்திரி சென்ட்ரி நேரத்தில், உடம்பு விழிப்பாகவும் கை சும்மாவும் இருக்கும்போது, மொத்தமாக வந்து நிற்கும்.

இனி போன் விஷயம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பூட்ஸ் மேல் தலை வைத்துப் படுக்கிற நாய், வழித்துச் சாப்பிட்ட சாம்பார், மழையில் சரிகிற மண்மூட்டை, துடுப்பு உரசுகிற சத்தம் என்று என்னிடம் எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் உங்களுக்கு யாரோ ஒருத்தி. இதில் ஒரு வரியாவது மனைவியிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர் பயந்துவிடுவாரே என்று குண்டுச் சத்தத்தை மறைத்தீர்கள். ரகசியம் என்பதால் இடத்தையும் வேலையையும் மறைத்தீர்கள், அது சரிதான். ஆனால் அந்த இரண்டோடு சேர்த்து மொத்த நாளையும் மறைத்துவிட்டீர்கள். மிஞ்சியது "நல்லா இருக்கேன்" மட்டும்தான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் எத்தனை மாதம் பேச முடியும்?

அவரும் அங்கே இதையேதான் செய்துகொண்டிருப்பார். வி.ஏ.ஓ. ஆபீசில் எவ்வளவு நேரம் நிற்க வைத்தார்கள், மகளுக்கு ராத்திரி காய்ச்சல் வந்தது, இதையெல்லாம் உங்களிடம் சொல்லாமல் "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று முடித்திருப்பார். பட்டாளத்து வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். ஒருவரை ஒருவர் காப்பாற்ற நினைத்துப் பேசாமல் இருந்து, கடைசியில் இரண்டு பேரும் தனியாகிவிடுவார்கள்.

அதனால் இடம், ஆட்கள் எண்ணிக்கை, ஆயுதம், நகர்வு, இவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். மற்றதைச் சொல்லுங்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு போனுக்கு ஒரு சின்ன விஷயம் போதும். இன்றைக்கு ஒடிசா பையன் என்ன சமைத்தான், நாய் என்ன செய்தது என்று ஆரம்பித்துப் பாருங்கள். "ராத்திரி டூட்டியில உன் ஞாபகமாவே இருந்துச்சு" என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அவர் கேட்டது கோபத்தில் கேட்ட கேள்வி மாதிரி உங்களுக்குப் பட்டிருக்கிறது. எனக்கு அது பயத்தில் கேட்ட கேள்வி மாதிரிதான் தெரிகிறது.

இன்னொன்றும் அவரோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். மே மாதச் சண்டையின்போது சில சேனல்களில் நடக்காத தாக்குதலெல்லாம் நடந்ததாக ஓடியது. அதைப் பார்த்துவிட்டு எத்தனை வீட்டில் அடுப்பு மூட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். போன் வராவிட்டால் டவர் இல்லை அல்லது அனுமதி இல்லை என்றுதான் அர்த்தம், வாட்ஸ்ஆப்பில் வருவதை நம்ப வேண்டாம், ஏதாவது என்றால் யூனிட்டிலிருந்துதான் முறையாகத் தகவல் வரும் என்று தெளிவாகச் சொல்லி வையுங்கள்.

மகளைப் பற்றி. ஆறு வயதுக் குழந்தைக்கு எல்லைக்கோடு தெரியாது, உத்தரவு தெரியாது. அப்பா வருவேன் என்றார், வரவில்லை. அவளைப் பொறுத்தவரை அது பொய்தான். "நாட்டைக் காப்பாத்தத்தான் போனேன்" என்று விளக்கப் போகாதீர்கள். அதற்குமுன் தன் கோபம் சரிதானா தப்பா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். "வரேன்னு சொன்னேன், வர முடியல. உனக்கு எவ்ளோ ஏமாத்தமா இருந்திருக்கும்! எனக்கும் அழுகையா வந்துச்சு" என்று சொல்லுங்கள், போதும். அவள் போனுக்கு வரவில்லை என்றால் ஆடியோவாகப் பதிந்து அனுப்புங்கள். வற்புறுத்தி அவள் காதில் போனை வைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். கூடவே அவள் பெயருக்கே தபாலில் ஒரு கடிதம் எழுதுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது. பெரிய பெரிய எழுத்தில் நாலு வரி, நாயின் படம் ஒன்று. போன் பேச்சு முடிந்தால் போய்விடும், கடிதத்தை அவள் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தில்கூடக் காட்டுவாள். உங்கள் நம்பர், யூனிட் எழுதி, கீழே ராணுவத் தபால் முகவரியான 56 ஏ.பி.ஓ. என்றோ 99 ஏ.பி.ஓ. என்றோ போட்டுப் பதில் அனுப்ப அவளுக்கு உங்கள் மனைவி சொல்லிக் கொடுக்கட்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், இனி அவளிடம் தேதி சொல்லாதீர்கள். வருடாந்திர லீவு 60 நாள், கேஷுவல் லீவு 30 நாள் என்று விதி இருந்தாலும் நிலைமை இறுகினால் அது கைக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த முல்லைப் பாட்டுகளில் கார்காலத்துக்குள் வருவேன் என்று சொல்லிப் போனவனுக்காக மழை மேகத்தைப் பார்த்துப் பார்த்து வாடியது வளர்ந்த பெண்கள். இவள் குழந்தை. "லீவு கிடைச்ச அன்னிக்கே ரயில் ஏறிடுவேன்" என்று சொன்னால் அது உண்மையாகவும் இருக்கும்.

காது குத்தை ஆவணியிலேயே வைக்கச் சொல்லுங்கள் என்பது என் கருத்து. உங்களுக்கு வலிக்கும், தெரிகிறது. ஆனால் காத்திருக்கச் சொன்னால், ஒவ்வொரு முறை லீவு தள்ளிப்போகும்போதும் அந்தக் குழந்தை மறுபடி ஏமாற வேண்டியிருக்கும். குழந்தை உட்காரப்போவது தாய்மாமன் மடியில், சடங்குக்கு ஒரு குறையும் வராது. நீங்கள் இப்போதே லீவுக்கு விண்ணப்பம் கொடுங்கள். கிடைத்தால் போய் நில்லுங்கள். கிடைக்காவிட்டால் அந்த முகூர்த்த நேரத்தில் போன் பேச அனுமதி வேண்டும் என்று உங்கள் சுபேதார் சாபிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். "நீங்க வைங்க, எனக்குச் சம்மதம்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் மனைவிக்குப் பாதிப் பாரம் குறையும்.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பராக்ரமில் போன ஆட்கள் பத்து மாதம் போரும் நடக்காமல், வீட்டுக்கும் போகாமல், இன்றா நாளையா என்று எல்லையில் உட்கார்ந்திருந்தவர்கள். அங்கே அவருக்கு என்ன நடந்தது என்று அந்தக் காலத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். உங்கள் குடும்பத்திலேயே நீங்கள் நிற்கிற இடத்தில் நின்று பார்த்த ஒரே ஆள் அவர். நலம் விசாரிக்க வேண்டாம். "பராக்ரம்ல நைட்டு உங்களுக்குத் தூக்கம் வந்துச்சாப்பா?" என்று நேராகக் கேளுங்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்தாலும் கொடுப்பார். விடாமல் இன்னொரு நாள் கேளுங்கள். சிப்பாய் சிப்பாயிடம் கேட்கிற கேள்வி என்பதால் என்றைக்காவது பதில் வரும். முடிந்தால் வி.ஏ.ஓ. ஆபீசுக்கு மருமகளோடு அவரையும் போகச் சொல்லுங்கள்.

வரப்புத் தகராறுக்கு மன ஆலோசனை தேவையில்லை, காகிதம்தான் தேவை. பட்டா நகல், சர்வே எண்ணோடு உங்கள் கமாண்டிங் ஆபீசர் (சி.ஓ.) மூலமாகக் கலெக்டருக்குக் கடிதம் போகட்டும். நிலத்தை அளந்து காட்டச் சொல்லி வீட்டிலிருந்தும் மனு கொடுக்கட்டும். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வேலூரிலேயே இருக்கிறது, அங்கேயும் ஒரு பிரதி கொடுக்கச் சொல்லுங்கள். பட்டாளத்து வீட்டு நில மனுக்கள் அவர்களுக்குப் பழக்கம்தான்.

அப்புறம் தூக்கம். இதில்தான் எனக்குக் கவலை. கடும் ஆபத்தைப் பார்த்தவர்களுக்கு முதல் சில வாரம் கனவும் திடுக்கிடலும் வருவது சகஜம், பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதத்தைத் தாண்டியும் நீடித்தால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. ரம் ஆரம்பத்தில் கண்ணைச் சொருக வைக்கும், பின்ராத்திரியில் தூக்கத்தைக் கலைத்துவிடும், கனவையும் மோசமாக்கும். ராத்திரி தூங்குவதற்கென்று குடிப்பதை முதலில் நிறுத்துங்கள். டூட்டி முடிந்து படுப்பதற்கு முன்னால் டீயும் வேண்டாம்.

கேட்டகரி பயம் வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டேன். உங்கள் மருத்துவத் தகுதியில் கண், காது போல மனநலமும் ஒரு பகுதிதான். ஆனால் ஆரம்பத்திலேயே சொல்லிச் சிகிச்சை எடுப்பது ஒன்று, டூட்டியில் ஒரு நாள் தவறு நடந்த பிறகு தெரியவருவது வேறொன்று. ப்ரமோஷனுக்கு இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. ரெஜிமெண்ட் மெடிக்கல் ஆபீசரிடம் நேராக, "சார், தூக்கம் வரல, சத்தத்துக்குத் திடுக்குன்னு ஆகுது" என்று மட்டும் சொல்லி ஆரம்பியுங்கள். அதற்கு முன்னால் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி போன் சேவை, டெலி மானஸ் 14416 இருக்கிறது. இலவசம், எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். படையினருக்கென்றே புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில் அதன் தனிப் பிரிவு ஒன்றையும் தொடங்கினார்கள். வாழ்ந்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு ஒரு தடவை தலைகாட்டினாலும், துப்பாக்கியோடு தனியாக சென்ட்ரி நிற்காதீர்கள். உங்களோடு டூட்டி பார்க்கிற பையனிடமோ சாபிடமோ அந்த நிமிஷமே சொல்லிவிடுங்கள். அப்படி எதுவும் நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் உங்கள் கையில் ஆயுதம் இருப்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

டாக்டரைப் பார்த்த பிறகு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். மனைவிக்கும் தூக்கம் குறைந்திருக்கும், அவரும் 14416-இல் பேசலாம். விருப்பம் இருந்தால் எனக்கும் எழுதச் சொல்லுங்கள். அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.